ஜே.சி. குமரப்பா: கிராமத்தின் கணக்கை எழுதிய தணிக்கையாளர்

கரிசல்மண் எழுதியது:

ஜனவரி 30 என்றால் காந்தி நினைவுநாள். 1960-இல் அதே தேதியில் சென்னையில் காலமானவர் காந்தியப் பொருளியலாளர் ஜே.சி. குமரப்பா. காந்தி படத்துக்கு மாலை போடுகிற கூட்டங்களில் அவர் பெயரை யாரும் ஒருமுறைகூட உச்சரிக்காமல் கலைவது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. கூட்டுறவு, கிராம சமூகம், சுற்றுச்சூழல் மூன்றையும் பிரித்துப் பார்க்கத் தெரியாமல் அல்ல, பிரிக்கக் கூடாது என்று தெரிந்தே ஒன்றாகப் பிடித்துக்கொண்ட மனிதர் அவர். நம் தஞ்சாவூர்க்காரர்.

1892 ஜனவரி 4 அன்று பிறந்தபோது வைத்த பெயர் ஜோசப் செல்லதுரை கொர்னேலியஸ். லண்டனில் கணக்குத் தணிக்கை படித்தார். பம்பாயில் சொந்தமாகத் தணிக்கை நிறுவனம் நடத்தினார். 1927-இல் அமெரிக்கா போனார். சிரக்யூஸில் வணிக நிர்வாகம், பிறகு கொலம்பியாவில் பேராசிரியர் செலிக்மனிடம் அரசாங்க நிதி. இந்தியா ஏன் ஏழையாக இருக்கிறது என்ற கேள்வியை அங்கே வைத்துத்தான் அவர் வரவு செலவு அறிக்கைகளுக்குள் தேடினார். ஆங்கில அரசு யாரிடம் வரி வாங்குகிறது, அதை எங்கே கொண்டுபோய்ச் செலவழிக்கிறது என்று ஒவ்வொரு தலைப்பாகப் புரட்டியபோது பதில் கிடைத்துவிட்டது.

அதை எழுதிய ஆய்வேட்டோடு 1929 மே 9 அன்று சபர்மதி ஆசிரமத்துக்குப் போகிறார். மேல்நாட்டு உடுப்பு, கையில் தடி. குறித்த நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார். ஒரு மரத்தடியில், சாணம் மெழுகிய தரையில், வயதான ஒருவர் நூல் நூற்றுக்கொண்டிருந்தார். தடியை ஊன்றி நின்று வேடிக்கை பார்த்தவரிடம், நீங்கள்தான் குமரப்பாவா என்று அந்தப் பெரியவர் கேட்ட பிறகுதான் அவர்தான் காந்தி என்று புரிந்திருக்கிறது. தேய்த்துப் போட்ட கால்சட்டையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அந்த ஆய்வைத் தன் 'யங் இந்தியா' இதழில் தொடராக வெளியிட்ட காந்தி, அவரைக் குஜராத்தின் கேடா மாவட்டத்து மாத்தர் தாலுகாவுக்கு அனுப்பினார். காந்தி தொடங்கிய குஜராத் வித்யாபீடத்தின் மாணவர்களோடு ஊர் ஊராகப் போய், வீடு வீடாக வரவு செலவு எழுதினார். என்ன விளைகிறது, என்ன விற்கிறது, வரி எவ்வளவு, வட்டி எவ்வளவு, மிச்சம் என்ன. பம்பாயில் கம்பெனிகளுக்குக் கணக்கு எழுதிய கை, அந்தத் தாலுகாவிலிருந்துதான் கிராமத்துக்குக் கணக்கு எழுதத் தொடங்கியது. கடைசி வரை அவர் செய்தது அதைத்தான் என்பது என் எண்ணம்.

அந்தத் தணிக்கையாளர் எப்படிப்பட்டவர் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 1934 ஜனவரி 15-இல் பீகாரில் பெரும் நிலநடுக்கம். ராஜேந்திர பிரசாத் தலைமையில் நிவாரணக் குழு, கணக்குப் பொறுப்பு குமரப்பாவிடம். தொண்டர் ஒருவருக்கு ஒரு நாள் சாப்பாட்டுச் செலவு மூன்று அணாவுக்கு மேல் கூடாது என்று அவர் விதி வைத்திருந்தார். காந்தியும் உடன் வந்தவர்களும் பாட்னாவில் தங்கியபோது, உங்கள் பரிவாரத்தின் செலவை நிவாரண நிதியிலிருந்து தர முடியாது என்று காந்தியின் செயலாளர் மகாதேவ தேசாயிடம் சொல்லிவிட்டார். நிலநடுக்கத்தில் வீடிழந்தவனுக்கென்று ஊர் கொடுத்த காசு அது, காந்திக்கே ஆனாலும் கிடையாது. காந்தியும் அதை ஏற்றுக்கொண்டார்.

அதே ஆண்டு டிசம்பரில் அகில இந்திய கிராமத் தொழில் சங்கம் தொடங்கியபோது செயலாளர் பொறுப்பு அவரிடம்தான் வந்தது. வார்தாவில் ஜம்னாலால் பஜாஜ் கொடுத்த தோட்டம், மகன்வாடி. கையால் செய்யும் காகிதம், செக்கு, கைக்குத்தல் அரிசி, தேனீ வளர்ப்பு, மண்ணெண்ணெய்க்குப் பதில் தாவர எண்ணெயில் எரியும் 'மகன் தீபம்' விளக்கு, மலத்தை எருவாக்கும் முறை எல்லாம் அங்கே நடந்தன.

அவரைப் படித்தவர்கள், அவர் இருந்த இடங்களைப் பார்த்தவர்கள் எழுதுங்கள். மறுப்பு இருந்தாலும் எழுதுங்கள்.

வைகைக்கரை எழுதியது:

நல்ல காரியம் செய்தீர்கள் ஐயா. அவர் கடைசிக் காலம் எங்கள் பக்கம்தான். திருமங்கலத்திலிருந்து ராஜபாளையம் போகிற சாலையில் தே.கல்லுப்பட்டி. அங்கே கோ. வெங்கடாசலபதி 1940-இல் தொடங்கிய காந்தி நிகேதன் ஆசிரமம். டெல்லியும் வார்தாவும் பார்த்த மனிதர், ரத்த அழுத்தத்தால் உடம்பு தளர்ந்த பிறகு வந்து தங்கினது அங்கேதான்.

எங்கள் தாத்தா அந்த ஆசிரமத்துக்கு நூல் கொண்டுபோய்க் கொடுத்துத் துணி வாங்கி வந்தவர். சிட்டம் சிட்டமாகக் கட்டி, மஞ்சள் பையில் போட்டு, வெயிலுக்கு முன்னால் கிளம்பிவிடுவார். நூலை எடைபோட்டு, இழை மெலிசா தடிப்பா என்று விரலில் உருட்டிப் பார்த்துத்தான் கணக்கு எழுதுவார்களாம். கையில் காசு புரளாத குடும்பம். வேட்டியும் சேலையும் அந்த நூலில்தான் வந்தன.

குமரப்பா தன் அறையில் இரண்டு படம் வைத்திருந்தார் என்று எங்கள் ஊர்ப் பக்கம் சொல்வார்கள், புத்தகங்களிலும் அது இருக்கிறது. ஒன்று காந்தி. இன்னொன்று ஓர் ஏழை விவசாயி. கேட்டவர்களிடம், இவர் என் எசமானர், அவர் என் எசமானரின் எசமானர் என்பாராம்.

செக்கடித்தெரு எழுதியது:

அண்ணே, நான் படிச்சவன் இல்ல, செக்கு ஓட்டுற குடும்பம். குமரப்பா எண்ணெய் பத்தி எழுதினதை ஒருத்தர் படிச்சுக் காட்டினார். அன்னையிலிருந்து அந்த மனுசன் மேல எனக்குத் தனி மரியாதை.

எள்ளு ஊரைவிட்டு மில்லுக்குப் போனா என்ன ஆகும்னு அவர் கேட்டிருக்கார். எண்ணெய் டின்ல திரும்பி வரும். புண்ணாக்கு வராது. அதான் விசயமே. எங்கப்பா காலத்துல எள்ளு கொண்டாந்து ஆட்டுறவங்க எண்ணெயைத் தூக்குல வாங்கிக்குவாங்க, புண்ணாக்கைத் துண்டுல முடிஞ்சுக்குவாங்க. அது அன்னைக்கு சாயங்காலமே ஊறவச்சு மாட்டுத் தொட்டிக்குப் போயிரும். மாடு தின்னா பால், சாணி. சாணி குப்பைக்குழிக்கு, அங்கேர்ந்து அதே எள்ளு வெளைஞ்ச காட்டுக்கு. எள்ளை வித்துட்டு எண்ணெய் வாங்குறவன், எண்ணெய்க்குக் காசு கொடுக்குறது மட்டுமில்ல, தன் காட்டோட சத்தையும் சேத்து லாரி ஏத்திவிடுறான். இதை ஒரு கணக்குப்பிள்ளை வார்தாவுல உக்காந்து எழுதியிருக்கார்னா நம்ப முடியுதா!

இன்னொன்னும் சொல்லணும். இப்ப டவுன்ல மரச்செக்கு எண்ணெய்னு கண்ணாடி பாட்டில்ல விக்கிறாங்க. நானும் விக்கிறேன், பொழைப்பு. ஆனா எள்ளு போட்ட சம்சாரி வீட்டுல அந்த எண்ணெய் இல்ல, பாக்கெட் பாமாயில்தான் இருக்கு. குமரப்பா கேட்டது இது இல்லைன்னு எனக்கே தெரியுது.

பகுத்துப்பார் எழுதியது:

மரியாதையோடுதான் மறுக்கிறேன். குமரப்பாவின் நேர்மையில் எனக்குச் சந்தேகம் இல்லை. அவர் எந்தக் கிராமத்தைக் கணக்கெடுத்தார் என்பதில்தான் சந்தேகம்.

1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் பேசியதை நினைத்துப் பாருங்கள். கிராமம் என்பது குறுகிய பற்றுகளின் சாக்கடை, அறியாமையின் குகை என்றார். அவர் புள்ளிவிவரத்தை வைத்துப் பேசவில்லை, பட்டதை வைத்துப் பேசினார். கிராமத்துக் கிணற்றில் தண்ணீர் எடுக்க முடியாதவனுக்குக் கிராமத் தன்னிறைவு எதற்கு? தோல் பதனிடுகிறவன் தோலையே பதனிடட்டும், மேம்பட்ட முறையில் பதனிடட்டும் என்பது அவனுக்கு விடுதலையா? சாதியை வெறும் வேலைப் பிரிவினையாகப் பார்க்கிற சாயல் குமரப்பாவின் 1930-களின் எழுத்தில் இருக்கிறது. அதைக் கடந்து அவர் போதுமான அளவு பேசவில்லை.

இரண்டாவது, கூட்டுறவு. கிராமத்தில் யார் கை ஓங்கியிருக்கிறதோ அவர்கள் கைக்குத்தான் சங்கமும் போகும். போயிருக்கிறது. நான் பார்த்த ஊர்களில் நிலம் இருந்தவர் தலைவர், நிலம் இல்லாதவர் உறுப்பினர்கூட இல்லை.

கரிசல்மண் எழுதியது:

பகுத்துப்பார், சாதி பற்றி அவர் எழுதியது போதாது என்பதை ஏற்கிறேன். அதற்கு நான் சமாதானம் தேடப்போவதில்லை. ஆனால் நிலம் பற்றி அவர் என்ன சொன்னார் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

விடுதலைக்குப் பிறகு காங்கிரஸ் அமைத்த விவசாயச் சீர்திருத்தக் குழுவுக்கு அவர்தான் தலைவர். 1949 ஜூலையில் அறிக்கை கொடுத்தார்கள். உழுகிறவனுக்கும் அரசுக்கும் நடுவில் எந்த இடைத்தரகரும் இருக்கக் கூடாது. விதவைகள், சிறுவர்கள், உடல் இயலாதவர்கள் தவிர வேறு யாரும் நிலத்தைக் குத்தகைக்கு விடக் கூடாது. மேற்பார்வை பார்ப்பவன் விவசாயி அல்ல, உடம்பால் வயலில் வேலை செய்கிறவன்தான் விவசாயி. ஆறு ஆண்டு தொடர்ந்து உழுத குத்தகைதாரருக்கு நிலத்தில் உரிமை. ஒரு குடும்பம் கௌரவமாகப் பிழைக்கத் தேவையான நிலம் எவ்வளவோ அதைப்போல மூன்று மடங்குக்கு மேல் யாரும் வைத்திருக்கக் கூடாது. அதற்குக் குறைவாக, பிழைக்கவே போதாத துண்டு நிலம் உள்ளவர்கள் சேர்ந்து கூட்டுறவாகப் பயிரிட வேண்டும்.

ஆளும் கட்சி தானே அமைத்த குழு இவ்வளவும் எழுதிக் கொடுத்தது. கட்சிக்குள் நிலம் வைத்திருந்தவர்கள் இதை எப்படி வரவேற்றிருப்பார்கள் என்று நான் விளக்க வேண்டியதில்லை. மாநிலங்கள் ஆற அமரச் சட்டம் போட்டன. நம் மாநிலத்தில் உச்சவரம்புச் சட்டம் 1961-இல், அதுவும் 30 தர ஏக்கர் (மண்ணின் தரத்தை வைத்துக் கணக்கிடும் ஏக்கர்). 15 ஆகக் குறைந்தது 1970-இல். குமரப்பா இறந்து பத்தாண்டு கழித்து.

அதனால் கூட்டுறவு என்ற சொல்லை அவர் நிலப் பங்கீட்டுக்குப் பக்கத்தில் வைத்துத்தான் சொன்னார். நாம் நிலத்தை விட்டுவிட்டுச் சங்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம். நீங்கள் பார்த்த ஊர்களில் நிலமுள்ளவர் தலைவரானது அதனால்தான்.

தஞ்சைநாத்து எழுதியது:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். அவர் பிறந்த மாவட்டம் எங்களுடையது என்பதால் சொல்லியே ஆகவேண்டும்.

அந்த அறிக்கை 1949. கீழ்வெண்மணி 1968 டிசம்பர் 25. கூலியாகக் கூடுதல் நெல் கேட்டவர்களின் பிள்ளைகளும் பெண்களும் முதியவர்களுமாக 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிந்துபோனார்கள். இடையில் பத்தொன்பது ஆண்டு இருந்தது. உழுகிறவனுக்கு நிலம் என்று ஒரு தஞ்சாவூர்க்காரர் எழுதிக் கொடுத்த காகிதம் அத்தனை ஆண்டும் டெல்லியில் கிடந்தது. குத்தகைதாரர் பெயரைப் பதிவு செய்யும் சட்டம்கூட 1969-இல்தான் வந்தது.

இன்றைக்கும் எங்கள் பக்கம் வாய்மொழிக் குத்தகைதான். நாங்கள் உழுகிற ஒன்றரை வேலியில் எங்கள் பெயரில் ஒரு குழிகூடக் கிடையாது. பயிர்க்கடன் கேட்டால் சிட்டா எங்கே, அடங்கல் எங்கே என்கிறார்கள். நில உரிமையாளர் கையெழுத்துப் போடமாட்டார், போட்டால் நாளைக்கு நாங்கள் உரிமை கேட்டுவிடுவோமோ என்று பயம். புயலில் பயிர் போனால் நிவாரணம் அவர் வங்கிக் கணக்குக்குப் போகிறது. பீகாரில் மூன்று அணா விதி வைத்த மனிதர் இந்தப் பதிவேட்டைப் பார்த்தால் ஒரு வரி விடாமல் சிவப்பு மையால் சுழித்திருப்பார்.

சங்கத்தராசு எழுதியது:

நான் ஒரு தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் செயலாளர். எந்த ஊர் என்பது வேண்டாம். இரண்டு தரப்பு சொல்வதிலும் உண்மை இருக்கிறது. உள்ளேயிருந்து பார்த்தால் எப்படி இருக்கிறது என்று சொல்கிறேன்.

காலையில் கதவைத் திறந்ததும் நகைக்கடன் வரிசை. உரைகல்லும் எடைத் தராசுமாக மதிப்பீட்டாளர் உட்கார்ந்துவிடுவார். பள்ளிக்கூடம் திறக்கும் மாதமும் நாற்று நடும் மாதமும் வாசல் வரை கூட்டம். மறுபக்கம் உர மூட்டை. கருவியில் விரல் ரேகை விழவில்லை என்று வயதானவர்கள் கையைத் துடைத்துத் துடைத்து வைப்பார்கள். வெயிலில் வேலை செய்து ரேகை தேய்ந்த விரல்கள். பக்கத்துக் கட்டடத்தில் ரேஷன் கடை, அதுவும் சங்கத்துடையதுதான். துணைவிதியில் நாங்கள் செய்யக்கூடிய வேலைகள் பக்கம் பக்கமாக இருக்கின்றன. நடைமுறையில் நகைக்கடன், பயிர்க்கடன், யூரியா, ரேஷன்.

வரலாறு கொஞ்சம். கூட்டுறவுச் சட்டம் வந்த 1904-இலேயே திருவள்ளூர் பக்கம் திரூரில் விவசாயிகள் சங்கமும் சென்னையில் திருவல்லிக்கேணி நுகர்வோர் சங்கமும் தொடங்கிவிட்டன. அதற்கு முன்னால் சென்னை மாகாண அரசு நிக்கல்சன் என்ற அதிகாரியை ஐரோப்பாவுக்கு அனுப்பி அறிக்கை கேட்டது. ஜெர்மன் கிராமங்களில் கடன் சங்கங்களைக் கட்டிய ரைஃபைசனை மனதில் வைத்து, ஒரு ரைஃபைசனைக் கண்டுபிடியுங்கள் என்று முடித்தார் அவர். கந்துவட்டியிலிருந்து விவசாயியை மீட்பதுதான் அன்றைய முதல் கவலை. அதில் தவறில்லை. ஆனால் கூட்டுறவு என்றால் கடன் என்ற எண்ணம் அன்றைக்கே விழுந்துவிட்டது.

குமரப்பா கேட்டது வேறு. ஜபல்பூர் சிறையில் எழுதிய நிலைத்த பொருளாதாரம் பற்றிய நூலில் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்துக்கு அவர் கொடுத்த வேலைப் பட்டியலைப் பாருங்கள். ஊருக்கு வேண்டிய தானியத்தை ஊரிலேயே சேமித்து வைப்பது. தொழிலாளிக்குக் கச்சாப்பொருளும் கருவியும் கொடுப்பது, செய்த பொருளை விற்றுத் தருவது. விதை. எரு. ஊர் மாடுகளுக்குப் பொலிகாளை. அரசுக்கும் மக்களுக்கும் நடுவில் வரி வசூலைக்கூடச் சங்கம் வழியாகச் செய்வது. விளைந்த நெல்லை மூட்டை கட்டி நகரத்துக்கு ஏற்றி, அதே நெல்லை அரிசியாகத் திரும்ப இறக்குகிற விரயம் இதனால் மிச்சப்படும் என்கிறார். எங்கள் சங்க வாசலில் மாதா மாதம் இறங்குகிற ரேஷன் அரிசி மூட்டையை எண்ணும்போதெல்லாம் இந்த இடம் ஞாபகம் வரும். எங்கள் ஊர் நெல் ஊர்.

பகுத்துப்பார் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. தேர்தல் நடக்காத காலத்தில் தனி அலுவலர் ஆட்சி, நடந்த காலத்தில் கட்சி ஆட்சி. உறுப்பினர் பேரவைக் கூட்டத்துக்கு ஆள் சேராமல் வீடு வீடாகக் கையெழுத்து வாங்கியதும் உண்டு. கூட்டுறவுச் சங்கம் அமைப்பது அடிப்படை உரிமை என்று அரசியலமைப்பிலேயே 2012 முதல் இருக்கிறது. உறுப்பினருக்கு அது தெரியாது.

பனங்காடு எழுதியது:

கருப்பட்டியைப் பற்றி யாரும் பேசவில்லையே. கரும்பு நல்ல மண்ணையும் நிறையத் தண்ணீரையும் தின்னும். பனைக்கு இரண்டும் வேண்டாம், தேரிக்காட்டு மணலிலும் நிற்கும். இனிப்புக்கு மரத்தை நம்பு, நஞ்சையை நெல்லுக்கு விடு என்பதுதான் அவருடைய வாதம். 1930-களில் இதைச் சொல்லியிருக்கிறார். நிலத்தடி நீர் இறங்கிப்போனதை நாம் பார்த்தது அதற்கு எவ்வளவோ பின்னால்.

ஆனால் பனையேறியின் நெஞ்சில் காய்த்துப்போன தழும்பைப் பார்த்தவர்கள் இதைப் பாட்டாகப் பாடமாட்டார்கள். எங்கள் மாமா மரத்திலிருந்து விழுந்துதான் இறந்தார். பனைவெல்லக் கூட்டுறவுச் சங்கங்கள் வந்த பிறகு கருப்பட்டிக்கு விலை ஓரளவு நின்றது, வியாபாரியிடம் முன்பணம் வாங்கிச் சிக்கிக்கொள்வது குறைந்தது. விலை, காப்பீடு, பிள்ளைகளுக்குப் படிப்பு மூன்றும் சங்கம் தந்தால்தான் ஒருவன் மரம் ஏறுவான். இல்லையென்றால் மரத்தை வெட்டிச் சூளைக்கு விற்பான். விற்றார்கள்.

பகுத்துப்பார் எழுதியது:

பனங்காடு, உங்கள் மாமா பற்றிப் படித்து வருந்தினேன். இந்த இழையில் யாரும் அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்லாதது எனக்குப் பிடித்திருக்கிறது.

1949 அறிக்கையை நான் முழுதாக அறிந்திருக்கவில்லை. உடம்பால் உழைப்பவனே விவசாயி என்ற வரையறை சாதாரண விஷயம் அல்ல. அதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனாலும் பசி என்ற ஒன்று இருந்ததே. 1960-களில் அமெரிக்கக் கோதுமைக் கப்பலுக்காகக் காத்திருந்த நாடு இது. தஞ்சாவூரில் தீவிர வேளாண்மைத் திட்டம் வந்து, ஆடுதுறை 27 நெல் ரகம் வந்து, ஐ.ஆர். 8 ரகம் வந்து, அதன் பிறகுதான் வயிறு நிறைந்தது. ரசாயன உரம் வேண்டாம், டிராக்டர் வேண்டாம் என்ற குமரப்பா சொன்னபடி நடந்திருந்தால் எங்கள் அம்மா தலைமுறை பிழைத்திருக்குமா? எனக்கு இது புத்தகக் கேள்வி அல்ல. மரவள்ளிக் கிழங்கைத் தின்று வளர்ந்தவர் எங்கள் அம்மா.

கரிசல்மண் எழுதியது:

இந்தக் கேள்வியை அலட்சியமாகக் கடக்க முடியாது. உங்கள் அம்மாவின் பசிக்கு முன்னால் எந்தத் தத்துவமும் நிற்காது.

ஆனால் குமரப்பா பசியை மறந்து பேசியவர் அல்ல. அவர் முன்வைத்தது சமநிலை வேளாண்மை. ஒரு லட்சம் பேர் வாழும் வட்டாரம் என்று எடுத்துக்கொள். அவர்களுக்குத் தானியம், பருப்பு, காய், பால், எண்ணெய், துணிக்குப் பருத்தி எவ்வளவு வேண்டும் என்று முதலில் எழுது. அதற்கு எத்தனை ஏக்கர் என்று எழுது. அது போக மிஞ்சின நிலத்தில்தான் ஆலைக்கான பயிர். புகையிலை, ஆலைக் கரும்பு, நீள இழைப் பருத்தி எல்லாம் உணவின் நிலத்தைத் தின்பதை அவர் வட்டாரம் வட்டாரமாகக் கணக்குப் போட்டுக் காட்டினார். எந்த நிலத்தில் எதை விளைவிப்பது என்பதை விலை மட்டும் தீர்மானிக்கக் கூடாது, உரிமம் வைத்தாவது ஒழுங்குபடுத்த வேண்டும் என்கிற அளவுக்குப் போனார். கடுமையான யோசனைதான். எனக்கே அதில் தயக்கம் உண்டு. ஆனால் பசித்தவனின் தட்டிலிருந்து தொடங்கிய கணக்கு அது.

அரிசி விஷயமும் அப்படியே. ஆலையில் தீட்டிய வெள்ளை அரிசியில் தவிட்டோடு சத்தும் போகிறது, பெரிபெரி நோய் வருகிறது என்று மகன்வாடியிலிருந்து ஓயாமல் எழுதினார்கள். ஒரே நெல்தான். தீட்டாமல் விட்டால் அதே விளைச்சலில் சாப்பாடு கூடுதல்.

உரத்துக்கு அவர் எதிர்ப்பு சொன்னது நிலத்தை இரண்டு விதச் செல்வத்தில் எதில் வைப்பது என்ற கேள்வியிலிருந்து. ஆறு, காற்று, காடு, விதை போல எடுக்க எடுக்கத் திரும்ப வருவது ஒன்று. நிலக்கரி, பெட்ரோலியம், தாது போல எடுத்தால் தீர்ந்துபோவது மற்றொன்று. தீர்ந்துபோகிறதை நம்பி வாழ்க்கையைக் கட்டினால், இருப்பவனுக்கும் இல்லாதவனுக்கும் சண்டை வந்தே தீரும் என்று இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது சிறைக்குள்ளிருந்து எழுதினார். அந்நூலுக்கு முன்னுரை எழுதிய காந்தி, இரண்டு மூன்று முறை கவனமாகப் படித்தால்தான் முழுதும் விளங்கும் என்றார். பின்னாளில் 'சிறியதே அழகு' எழுதிய பொருளியலாளர் ஷூமாக்கர் பௌத்தப் பொருளியல் பற்றி எழுதும்போது குமரப்பாவை மேற்கோள் காட்டினார். வெளிநாட்டுக்காரர் சொன்ன பிறகாவது நாம் திரும்பிப் பார்த்திருக்கலாம்.

பசுமைப் புரட்சி பசியைத் தீர்த்தது, சரி. ஆழ்குழாயில் தண்ணீர் எத்தனை அடி இறங்கியது, மண்ணில் கரிமச்சத்து என்ன ஆனது என்பதை எந்தப் பேரேட்டில் எழுதினோம்? வரவை எழுதிவிட்டுச் செலவை எழுதாத கணக்கை ஒரு தணிக்கையாளர் ஏற்கமாட்டார். அவர் இருந்திருந்தால் இதைத்தான் கேட்டிருப்பார் என்று நினைக்கிறேன்.

பகுத்துப்பார் எழுதியது:

செலவையும் எழுத வேண்டும் என்பது நியாயம். எங்கள் ஊர்க் கிணறுகள் எல்லாம் இன்று குப்பை கொட்டும் குழிகள். நிலத்தையும் சேர்த்துப் பேசினால் நானும் உங்களோடுதான். நிலத்தை விட்டுவிட்டுச் செக்கையும் கைக்குத்தலையும் மட்டும் பேசினால் இல்லை.

தஞ்சைநாத்து எழுதியது:

அதையேதான் நானும் சொல்கிறேன் அண்ணா. சங்கத்தராசு ஐயாவுக்கு ஒரு கேள்வி. குத்தகைக்கு உழுகிறவர்கள் ஐந்தாறு பேர் கூட்டுப் பொறுப்புக் குழுவாகச் சேர்ந்து கடன் கேட்டால் சங்கத்தில் தருவீர்களா? எங்கள் பக்கம் கேட்டால் தெரியாது என்கிறார்கள்.

சங்கத்தராசு எழுதியது:

தரலாம் அம்மா, தர வழி இருக்கிறது. கூட்டுப் பொறுப்புக் குழு என்பது வேளாண்மைக்கான தேசிய வங்கியான நபார்டு ஏற்கெனவே ஒத்துக்கொண்ட முறை. நான்கு முதல் பத்துப் பேர் வரை சேரலாம், ஒருவருக்கொருவர் பொறுப்பு. நில ஆவணம் இல்லாதவர்களுக்காகவே வந்தது அது. முதலில் குழுவாகப் பதிவேடு எழுதுங்கள், பிறகு எழுத்து மூலமாக விண்ணப்பம் கொடுங்கள். கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வரவேண்டாம். மறுத்தாலும் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

இந்த இழையைப் படித்த பிறகு எங்கள் அடுத்த பேரவைக் கூட்டத்தின் பொருள்நிரலில் ஒன்று சேர்க்கலாம் என்றிருக்கிறேன். சங்கக் கிடங்கு பாதி நாள் காலியாகக் கிடக்கிறது. உறுப்பினர்களின் எள்ளையும் நிலக்கடலையையும் அறுவடையில் அடிமாட்டு விலைக்கு விற்காமல் அங்கே வைக்கச் சொல்லி, ஊரிலேயே ஆட்டி, எண்ணெயை நம் ரேஷன் கடைக்குப் பக்கத்திலேயே விற்பது. புண்ணாக்கு கொண்டுவந்தவருக்கே. செக்கடித்தெரு, உங்களிடம்தான் கணக்குக் கேட்க வேண்டும். 100 கிலோ எள்ளுக்கு என்ன கிடைக்கும்? ஒரு செக்கு ஒரு நாளில் எவ்வளவு ஆட்டும்?

செக்கடித்தெரு எழுதியது:

ஐயா, எள்ளு நல்லாக் காஞ்சிருந்தா 100 கிலோவுக்கு 40 கிலோ பக்கம் எண்ணெய் வரும், ஈரம் இருந்தா கொறையும். அதுபோக மிச்சமெல்லாம் புண்ணாக்குதான், கொஞ்சம் சேதாரம் போகும். ஆட்டும்போது கருப்பட்டி போடணும், அதைப் பனங்காடு அண்ணன்கிட்டயே வாங்கிக்கலாம். ஒரு நாளைக்கு எவ்வளவுங்கிறது செக்கோட அளவைப் பொறுத்து, மோட்டாரா மாடாங்கிறதைப் பொறுத்து. கரண்டு பில், ஆள் கூலி, வாகை மரத்துல உலக்கை மாத்துற செலவு எல்லாம் தனித்தனியா எழுதித் தர்றேன். கல்லும் தூசியும் எடுக்க சல்லடை மெசின் ஒண்ணு கட்டாயம் வேணும், அதைக் கணக்குல விட்டுறாதீங்க. எண்ணெயை ரெண்டு மூணு நாள் வெயில்ல தெளியவைக்க எவர்சில்வர் அண்டாவும் வேணும். கூட்டம் எந்தத் தேதின்னு சொல்லுங்க, கணக்கோட நானே நேர்ல வர்றேன்.